குருவி எழுதியது

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது, மேடம். காகிதக் கோப்பையும் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் வயிற்றில் ‘மெதுவா குடிங்க, நாங்க எங்கயும் போயிட மாட்டோம்’ என்று சாய்வாக எழுதியிருக்கிறதே, அது என் மனைவியின் கையெழுத்து. இந்த அறையில் உட்கார்ந்து படிக்கும்போது அதற்கு வேறு மாதிரி அர்த்தம் வருகிறது. அதற்கு அவள் பொறுப்பல்ல.

நான் எழுத்துரு வரைந்து பிழைக்கிறவன். கணினியில் தட்டுகிற எழுத்துக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா, அந்த முகங்களைச் செய்பவன். செய்தித்தாளுக்கு விறைப்பான முகம், அழைப்பிதழுக்குப் பவுடர் பூசிய முகம், பாடப்புத்தகத்துக்குப் படிய வாரிய முகம். என் சொந்தக் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். நேற்று நான் போட்ட கையெழுத்தை உங்கள் ஆள் இரண்டு தடவை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவியை முதலில் எழுத்தாகத்தான் சந்தித்தேன். செடி விற்கும் ஒரு நர்சரியில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிறு அட்டையைச் சொருகி வைத்திருப்பார்கள். மற்ற கடைகளில் அதில் செடியின் பெயர் இருக்கும். இவள் செடி பேசுவது போல எழுதியிருந்தாள். ‘நான் வெயிலுக்கு ஆகாதவள். ஜன்னலோரம் போதும்.’ ‘என்னைக் கிள்ளாதீங்க, வலிக்கும்.’ வீட்டில் ஒரு புல்கூட வளர்க்காத நான் அந்த அட்டைகளுக்காகவே செடி வாங்கினேன். செடிகள் செத்துக்கொண்டே இருந்தன, நான் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே கேட்டாள்: “சார், நீங்க வளர்க்கிறீங்களா, சமைக்கிறீங்களா?”

அவள் எழுத்து ஒழுங்கானது என்று சொல்ல மாட்டேன். கோட்டில் உட்காராது. ஒன்று கொஞ்சம் எம்பும், அடுத்தது கொஞ்சம் இறங்கும், படியில் ஓடி வருகிற பிள்ளை மாதிரி. ‘ர’வுக்குக் கால் போட மாட்டாள், அது துணையெழுத்தா ‘ர’வா என்பது உங்கள் அதிர்ஷ்டம். புள்ளியைக் குட்டி வட்டமாகப் போடுவாள், அவசரத்தில் அது பக்கத்து எழுத்தின் தலைக்குப் போய்விடும். கொம்புகள் காற்றில் பறக்கும். ஆனால் படிக்கும்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பயிற்சியால் வருவதில்லை அது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த எழுத்தை எழுத்துருவாக்கினேன். ஒவ்வொரு எழுத்தையும் அவள் மூன்று விதமாக எழுதித் தர வேண்டும். ஏனென்றால் மனிதக் கை ஒரே எழுத்தை ஒரே மாதிரி இருமுறை எழுதாது. கணினி அந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் கண் ஏமாறும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாள் தாளாக எழுதினாள்.

“இந்த ‘ஙு’வ எதுக்கு மூணு தடவை எழுதணும்? என் வாழ்நாள்ல ஒருத்தருக்கும் நான் ‘ஙு’ எழுதினதில்லையே.”

“யாராவது ஒருத்தருக்குத் தேவைப்படும்.”

“அந்த ஆள் கிடைச்சா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கணும்.”

அவளை நான் வீட்டில் குருவி என்று கூப்பிடுவேன். எழுத்துருவுக்கும் அந்தப் பெயரையே வைத்தேன். குழப்பம் வேண்டாம், இனி நான் குருவி என்று சொன்னால் அது எழுத்துரு. மனைவியை ‘அவள்’ என்றே சொல்கிறேன்.

குருவி நன்றாகப் போயிற்று. தேநீர்ப் பெட்டி, குழந்தைகள் சோப்பு, பிறந்தநாள் அட்டை, ‘இன்று விடுமுறை, நாளை பார்க்கலாமா?’ என்று கடைக் கதவில் தொங்கும் பலகை. பேருந்தில் போனால் அவளுடைய கையெழுத்து அவளைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். ஒருநாள் பல் ஆஸ்பத்திரியில் ‘பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று சுவரில் குருவி எழுதியிருந்ததைப் பார்த்து, “நான் இப்படிச் சொல்லவே இல்லை, என்னை நம்பி வாயைத் திறக்காதீங்க” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த வகை எழுத்துக்கு ஒரே ஒரு வேலைதான், மேடம். யாரோ உங்களுக்காகவே பேனாவை எடுத்து எழுதினார்கள் என்று தோன்ற வைக்க வேண்டும். தொழிற்சாலையில் இலட்சம் பெட்டிகள் அச்சாகும், வாங்குபவருக்கு மட்டும் தன் பெட்டியில் ஒரு கை பட்டது போலிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பொய், யாருக்கும் வலிக்காத பொய். ஒரு கட்டுப்பாடு உண்டு: இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது வரியில் வேஷம் கலையத் தொடங்கும். இதைப் பயிலரங்குகளில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் வேலையறையில் ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. அதாவது இருந்தது, இப்போது உங்களிடம் இருக்கிறது. உண்மையான பேனாவைப் பிடித்து உண்மையான தாளில் எழுதும். அதில் குருவியை ஏற்றினால் மை கசியும், அழுத்தம் தெரியும், தாளின் முதுகில் தடம்கூட விழும். எழுத்துருவைச் சோதித்துப் பார்க்கத்தான் வாங்கினேன்.

முதல் தடவை நடந்தது ஓர் உபகாரம். அவளுடைய அத்தை ஒரு போர்வை பின்னி அனுப்பியிருந்தார். அவள் நன்றி சொல்ல மறந்துவிட்டாள். அத்தை வருத்தப்படுவாரே என்று, குருவியில் இரண்டு வரி எழுதி, நானே தபாலில் சேர்த்தேன். அவளிடம் சொல்ல நினைத்தேன், வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று. அத்தை ஃபோனில் கூப்பிட்டு உருகிவிட்டார். அவள் ஃபோனை வைத்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

“நான் எப்பங்க அத்தைக்கு எழுதினேன்?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. “அன்னைக்கு அடுப்புல பாலை வெச்சுட்டு எழுதினியே. பால்கூடப் பொங்கிடுச்சே.”

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு கொஞ்சம் நின்றது. என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, “எனக்கு என்னமோ ஆகுது. நீங்க இல்லேன்னா நான் என்னதான் பண்ணுவேனோ” என்றாள்.

நீங்கள் திருமணமானவரா என்று கேட்க மாட்டேன், அது என் வேலையில்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் அதற்கு முன் என்னிடம் சொன்னதே கிடையாது. அவள் கெட்டிக்காரி. ஃப்யூஸ் போனால் அவள்தான் மாட்டுவாள், வழி தவறினால் அவள்தான் இறங்கிக் கேட்பாள். அந்த வீட்டில் நான் நன்றாகக் கவனிக்கப்பட்ட ஒரு தொட்டிச் செடி. என் தோளுக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது.

பிறகு குளிர்பெட்டிக் கதவில் சின்னச் சின்னக் குறிப்புகள். ‘கேஸை மூடினேனா, பார்.’ ‘சாவி சட்டைப் பையில்.’ சாவியை அங்கே வைத்தது நான்தான், குறிப்பு எழுதியது குருவி. அவள் படித்துவிட்டு, “எழுதினது ஞாபகமே இல்லையே” என்பாள். “பரவாயில்லை, நான் இருக்கேன்ல” என்பேன். கோபமே படமாட்டேன். எவ்வளவு பொறுமையான புருஷன் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர்களையும் நீங்கள் விசாரிக்கலாம்.

நர்சரியில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். உயரமானவள் என்பதால் நெட்டை என்று பெயர். இருவரும் சேர்ந்து மலைப்பக்கம் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பதாகத் திட்டம். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் வீட்டில். நெட்டை வரும்போதெல்லாம் மேசை முழுக்க விதைப் பொட்டலமும் வரைபடமும் பரவிக் கிடக்கும், ஒரே சிரிப்பு. நான் அந்தத் திட்டத்தை ஒரு வார்த்தைகூட எதிர்க்கவில்லை. “தாராளமா போ” என்றுதான் சொன்னேன். நெட்டைக்கு எழுதியது குருவி. ‘உன்னோட போனா நான்தான் உழைக்கணும், நீ பேசிட்டே இருப்பே. இது சரிவராது.’ இரண்டே வரி.

நெட்டை பதில் போடவில்லை, வரவும் இல்லை. அவள் ஃபோன் செய்தபோது எடுக்கவும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் எதாவது சொல்லிட்டேனா? நான் எதாவது சொல்லிட்டு மறந்துட்டேனா?” என்று என்னைக் கேட்டாள். அன்று நானே சமைத்தேன். கொஞ்சம் தீய்ந்துவிட்டது, இருந்தாலும் பாராட்டினாள்.

டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பெரிய நோய் எதுவும் தெரியவில்லை என்றார். கவலையும் தூக்கக் குறைவும்தான் என்று, படுக்கும்போது போட ஒரு மாத்திரை கொடுத்தார். அப்புறம் ஒரு யோசனை சொன்னார்: “எதையும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குங்க. குழப்பம் வந்தா நீங்க எழுதினதை மட்டும் நம்புங்க.”

நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் தெரிந்தவர்கள் பேசினால் கேட்க இதமாக இருக்கிறது.

அதன் பிறகு எல்லாம் சுலபமாயிற்று. குறிப்பில் இருந்தால் செய்வாள், குறிப்பில் இல்லாததைச் செய்யத் தயங்குவாள். வேலையை விடும் கடிதத்தைக் காலையில் மேசைமேல் கண்டாள். தன் கையெழுத்தில் இருப்பதை நின்றபடியே படித்தாள். “ஓ, முடிவு பண்ணிட்டேன் போல” என்று சொல்லி, புடவை மாற்றிக்கொண்டு போய், அதை நர்சரி முதலாளியிடம் தானே கொடுத்துவிட்டு வந்தாள். வற்புறுத்தல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். நான் அவளை வாசல்வரை கொண்டுபோய்க்கூட விடவில்லை.

டாக்டர் சொன்னது படுக்கும்போது ஒரு மாத்திரை. காலைக்கும் ஒன்று என்று குருவி எழுதியது. பகலில் அவள் அமைதியாக இருந்தாள், ஜன்னலோர நாற்காலியே போதுமாயிருந்தது. கதவின் உள்பக்கம் ‘தனியாப் போனா வழி தெரியாது. போகாதே’ என்று ஒரு குறிப்பு. தங்கையின் ஃபோன் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இவள் பேச்சைக் கேட்டால் தலைவலிதான் வரும்’ என்று ஒன்று. குளியலறைக் கண்ணாடியில் ஒன்று இருந்தது. அதன் புகைப்படத்தைத்தான் நீங்கள் காலையில் மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினீர்கள். ‘என்னை நானே நம்பக் கூடாது. அவரை நம்பணும்.’ அதில் பொய் என்ன இருக்கிறது? அவளுக்கு ஒருவர் தேவைப்பட்டார், நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அவள் தங்கை ஒருமுறை நேரில் வந்தாள். என்னை அத்தான் என்று கூப்பிடுவாள், எப்போதும் அதில் லேசான கிண்டல் இருக்கும். அன்று கிண்டல் இல்லை.

“அத்தான், அக்கா ஏன் இப்படி ஆயிட்டா? பேசினா பாதியில நிக்கறா. எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கா, ‘நீ இனிமே வராதே’ன்னு.”

“அவளே எழுதினதா?”

“அவ கையெழுத்துதான்.”

“அப்ப அவ மனசுல அதுதான் இருக்குபோல. நீ மனசுல வெச்சுக்காதே, உடம்பு சரியில்லாதவ.” தங்கைக்கு நானே தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். தொழில்முறைப் பிழை. எழுத்துரு செய்தபோது அவளுக்கு இருந்த கைதான் குருவியின் கை. அதற்கு வயதாகாது. அவளுக்கு ஆயிற்று. காலை மாத்திரை வேறு சேர்ந்து விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. எழுத வேண்டிய தேவையே அவளுக்கு இல்லாததால் நான் அதைக் கவனிக்கவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனபோது அவர், “ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்க, எது வேணா” என்றார். அவள் பேனாவை எடுத்தாள். ‘எனக்குச் செடிகள் பிடிக்கும்’ என்று எழுத நெடுநேரம் ஆனது. எழுத்துகள் சிறுத்து, உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, டாக்டரிடம் சொல்ல வேண்டியவை என்று அன்று காலை ‘அவள்’ எழுதி வைத்திருந்த குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நிறைய வரிகள் கொண்ட குறிப்பு அது. துள்ளலாக, சாய்வாக, நடுக்கமே இல்லாமல். டாக்டர் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அவள் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பேருந்தில் திரும்பும்போது, “உங்களுக்கு என் கையெழுத்து ரொம்பப் பிடிக்கும்ல?” என்று கேட்டாள். “உயிர்” என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் எல்லாக் குறிப்புக்கும் கீழ்ப்படிந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜன்னலோரத் தொட்டியிலிருந்த கொடி மட்டும் ஏனோ வாடிக்கொண்டே வந்தது. காலை மாத்திரைகள் அந்த மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன என்று பின்னால்தான் தெரிந்தது.

ஒரு மதியம் நான் வேலையறையில் இருந்தேன். இயந்திரம் எழுதிக்கொண்டிருந்தது. அவள் தேநீரோடு உள்ளே வந்தாள். கோப்பையைச் சிந்தாமல் மேசைமேல் வைத்தாள். கை நடுங்கவில்லை. பேனா தானாகத் தாளில் ஓடுவதைக் குனிந்து வேடிக்கை பார்த்தாள். ‘தங்கச்சி ஃபோன் பண்ணினா எடுக்க வேண்டாம். அவள்’ என்பதுவரை வந்திருந்தது.

“இங்க ஒரு தப்பு இருக்கு” என்றாள்.

நான் குனிந்து எழுத்துகளைப் பார்த்தேன்.

“நான் எனக்கே எழுதிக்கிறப்ப ‘வேண்டாம்’னா எழுதுவேன்? ‘வேணாம்’னுதானே எழுதுவேன். எழுத்தைப் பிடிச்சீங்க, பேச்சைக் கோட்டை விட்டுட்டீங்களே. இத்தனை வருஷம் கூட இருந்து இதுகூடத் தெரியலையா?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் என்னால் சமாளித்திருக்க முடியும். செடி செத்துப்போனதற்கு என்னைக் கேலி செய்வாளே, அதே குரல்.

“உட்காரு. உனக்கு உடம்பு சரியில்லை” என்றேன்.

“எனக்குத்தாங்க வயசாச்சு. உங்க குருவிக்கு ஆகல. நீங்க அதோடயே இருங்க, அது சொன்ன பேச்சு கேக்கும்.”

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. தங்கை இறங்கினாள். பின்னால் நெட்டையும் இறங்கினாள், காரிலிருந்து அவள் வெளியே வர எப்போதும் கொஞ்சம் நேரமாகும். மூவரும் கண்ணாடியிலும் கதவிலும் இருந்த குறிப்புகளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் வாடிய கொடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டாள், வேறு எதையும் எடுக்கவில்லை. நான் பேனாவுக்கு மூடி போட்டேன். திறந்து வைத்தால் முனை காய்ந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். நன்றிக் கடிதம், தோழிக்குப் போனது, வேலையை விட்டது, தங்கைக்குப் போனது, மாத்திரை, கதவு, கண்ணாடி, எல்லாம் என் இயந்திரத்தில் எழுதியவை, ஒப்புக்கொள்கிறேன். அவள் புத்தி நன்றாகத்தான் இருந்தது, அது எனக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தங்கை வீட்டில் அவள் இப்போது தெளிவாக இருக்கிறாள், மறுபடி அட்டைகள் எழுதுகிறாள் என்று சொன்னீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறென்ன நினைத்தேன்?

நீங்கள் இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை என்பதற்காக ஒன்றைக் காட்டுகிறேன். புகாரெல்லாம் தங்கையின் வேலை. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை, எழுத்திலேயே கொடுத்திருக்கிறாள். ‘நடந்ததை நினைச்சு நீங்க வருத்தப்பட வேணாம். நான் உங்களை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு.’ பாருங்கள், அவளுடைய கையேதான். உங்கள் ஆட்கள் இயந்திரத்தைத் தூக்க வந்து மணியடித்தபோதுதான் கைக்குக் கிடைத்தது. மை காய்வதற்குள் மடிக்க வேண்டியதாகிவிட்டது, அந்த மூலையில் கொஞ்சம் தீற்றியிருப்பதை மட்டும் பொருட்படுத்தாதீர்கள்.